நாலரை மணிக்கு எழுந்து படித்தது எங்கே போகிறது?

பிப்ரவரி பிறந்துவிட்டால் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளில் இரவு விளக்கு அணைகிற நேரம் தள்ளிப்போகும், காலையில் மணி அடிக்கிற நேரம் முன்னால் வரும். ராத்திரி பதினொன்று வரை ஸ்டடி, விடிகாலை நாலரைக்கு மறுபடி ஸ்டடி என்கிற அட்டவணை இந்த வட்டாரத்தில் யாருக்கும் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோர் வார்டனிடம் கேட்பதும் பழகிய கேள்விதான்: "பரிச்சை முடியற வரைக்கும் அஞ்சு மணி நேரம் தூங்குனாப் போதாதுங்களா சார்?"

இதே நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும் தகவல்கள் சுற்றும். அதிகாலையில் படித்தால்தான் மனதில் நிற்கும் என்கிறது ஒன்று. எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் மூளை கெட்டுப்போகும் என்கிறது இன்னொன்று. மூன்றாவது, ஞாபகசக்தி மாத்திரைக்கு விளம்பரம். எதை நம்புவது என்று சொல்வதற்கு முன், புத்தகத்தில் இருக்கும் ஒரு வரி விடைத்தாளுக்கு வந்து சேர்வதற்குள் தலைக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். உளவியல் பாடநூல்கள் இதைப் புலன்காட்சி, கற்றல், நினைவு, உறக்கம் என்று நாலு தனித்தனி அத்தியாயமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. படிக்கிற பிள்ளைக்கு நாலும் ஒரே வேலை. அதில் உறக்கம் என்பது படித்து முடித்தபின் எடுக்கும் ஓய்வு என்று நாம் நினைப்பதுதான் கணக்கு தப்புகிற இடம்.

1. கண்ணில் பட்டதெல்லாம் பார்த்ததாகாது

ஒளி விழித்திரையில் விழுந்து நரம்புச் செய்தியாக மாறுவது புலனுணர்வு. அந்தச் செய்திக்கு மூளை பொருள் கற்பிப்பது புலன்காட்சி. இரண்டுக்கும் நடுவில் நிறைய இட்டுநிரப்பல் நடக்கிறது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கோடு போட்ட நோட்டுத்தாளில் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறி, அதே கோட்டில் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல முகத்தருகே கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. புள்ளியின் பிம்பம் அங்கே விழுந்துவிட்டது. கவனிக்க வேண்டியது அடுத்தது. புள்ளி இருந்த இடத்தில் ஓட்டை எதுவும் தெரியாது, நோட்டின் கோடு தொடர்ந்து போவது போலவே தெரியும். இல்லாததை மூளை வரைந்து கொடுத்துவிட்டது.

இது கண்ணின் குறை. கவனத்தின் குறை இதைவிடப் பெரிது. 1999-இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள், வெள்ளைச் சட்டைக்காரர்கள் பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்லி ஒரு வீடியோவைப் போட்டுக்காட்டினார்கள். நடுவில் கொரில்லா வேடமிட்ட ஒருவர் வந்து மார்பில் தட்டிக்கொண்டு போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை. தேர்ந்தவர்கள் தப்பிவிடுவார்களா என்றால், அதுவும் இல்லை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் சிடி ஸ்கேனில் கட்டி தேடிக்கொண்டிருந்த 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர், அதே படத்தில் ஒட்டியிருந்த கொரில்லா உருவத்தைத் தவறவிட்டார்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் டேபிள் முன் நிற்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயில் கறை அதிகம் வருகிறது என்று காலையில் சூப்பர்வைசர் சத்தம் போட்டுவிட்டுப் போனால் அன்று முழுக்கக் கண் கறையைத்தான் தேடும். கறை ஒன்றும் தப்பாது. கழுத்து ரிப் கோணலாகத் தைத்த பீஸ்கள் அதே கையைக் கடந்து பேக்கிங்குக்குப் போய்விடும். அதுவும் ஒன்றரை ஷிப்டின் கடைசி அரை ஷிப்டில் என்றால் கேட்கவே வேண்டாம்.

படிப்பிலும் இதேதான். ராத்திரி பத்தேமுக்காலுக்குக் கண் வரிகளின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும், பக்கமும் திரும்பும், உள்ளே எதுவும் போயிருக்காது. தூக்கம் போதாத மூளை, கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் அணைந்து எரியும். இதைக் குறுந்தூக்கம் என்கிறார்கள். தூங்கியது தூங்கியவருக்கே தெரியாது. அந்த நொடிகளில் கடந்த வரி நினைவில் இல்லையே என்று மறதியைத் திட்டுவதில் பொருளில்லை. அது உள்ளே வரவே இல்லை.

2. கற்றல்: பீஸ் ரேட்டும் வார்டனின் பிரம்பும்

அனுபவத்தால் நடத்தையில் ஏற்படும், ஓரளவு நிலைத்த மாற்றத்தைக் கற்றல் என்கிறது உளவியல். இங்கே நமக்குத் தேவையானது கொஞ்சம்தான்.

மணிச் சத்தத்துக்கும் உணவுக்கும் முடிச்சுப் போட்டு நாய்க்கு எச்சில் ஊற வைத்த பாவ்லோவைப் பள்ளியிலேயே கேள்விப்பட்டிருப்போம். செயலுக்குக் கிடைக்கும் பலனே அடுத்த செயலைத் தீர்மானிக்கிறது என்று காட்டியவர் ஸ்கின்னர். இத்தனை முறை செய்தால் இவ்வளவு பலன் என்று நிலையாக வைத்தால் வேலை வேகமாக நடக்கும். பீஸ் ரேட்டில் தைப்பவரும் ஷிப்ட் சம்பளத்தில் தைப்பவரும் ஒரே வேகத்தில் போவதில்லை, இல்லையா? பலன் எப்போது வரும் என்றே தெரியாமல் வைத்தால் விடாப்பிடியாக நடக்கும். ரீல்ஸ் தள்ளும் விரல் நிற்காததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் விடுதிகள் கவனிக்க வேண்டியவர் பாவ்லோ. தூங்கி வழியும் பையனைப் புத்தகத்தின் முன் உட்கார வைத்து முதுகில் ஒன்று போட்டால் அவன் பாடத்தைக் கற்பதில்லை. புத்தகத்துக்கும் வலிக்கும் முடிச்சு விழுகிறது. பரிட்சை முடிந்த அன்றே புத்தகத்தைக் கிழித்துப் பறக்கவிடும் பிள்ளைகளைப் பார்த்து வருத்தப்படுகிறோமே, அது பல வருஷம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த பாடம்.

3. நினைவு: எது நிற்கிறது, எது ஓடுகிறது

போனில் வந்த ஓடிபி எண்ணைப் பார்த்து, தட்டி முடிக்கும் வரை தலையில் வைத்திருப்பது செயல்நினைவு. அதன் கொள்ளளவு சிறியது. ஏழு, அதற்கு இரண்டு முன்பின் என்று 1956-இல் எழுதினார் ஜார்ஜ் மில்லர். நாலு என்பதே சரியான கணக்கு என்று 2001-இல் வாதிட்டார் நெல்சன் கோவன். பத்து இலக்கச் செல்போன் எண்ணை நாம் துண்டு துண்டாகச் சொல்வது இந்தச் சிறிய இடத்தில் அதை அடக்கத்தான்.

அங்கிருந்து நீண்டகால நினைவுக்குப் போக ஒரு வாசல் உண்டு. அது தெரியவந்தது ஒரு மனிதரின் துயரத்தால். வலிப்பு நோய்க்காக 1953-இல் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் பெரும்பங்கை அகற்றினார்கள். அப்போது அவருக்கு 27 வயது. பழையதெல்லாம் பெரும்பாலும் நினைவிருந்தது. புதிதாக எதையும் சேர்க்க முடியவில்லை. சற்றுமுன் பேசிய டாக்டரையே புதியவராகப் பார்த்தார். 2008-இல் இறக்கும்வரை அப்படியே. ஆனால் உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறியது. ஒவ்வொரு முறையும் இதை முதல்முறை செய்வதாகவே அவர் நினைத்தார். தகவலுக்கு ஒரு வழி, கைப்பழக்கத்துக்கு வேறொரு வழி என்பது இப்படித்தான் உறுதியானது.

தகவல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதனைப் பொருளாக்கி 1885-இல் முடிவை வெளியிட்டார். மறுபடி மனப்பாடம் செய்யும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பது அவருடைய அளவுகோல். இருபது நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சமானது. ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21. பெரிய சரிவு முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. பொருள் புரிந்து படித்தது இவ்வளவு வேகமாகக் கரையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தச் சரிவை எது தடுக்கும்? திரும்பத் திரும்ப வாசிப்பது என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி இருவரும் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை இரண்டாம் முறை வாசித்தவர்கள் ஒரு பக்கம். வாசித்ததை மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் மறுபக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 81 சதவீதம், எழுதியவர்கள் 75. வாசித்தவர்களுக்கே வெற்றி. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56.

அந்த ஐந்து நிமிட முடிவுதான் ஆளை ஏமாற்றுகிறது. பக்கம் பழகிப்போய்விட்டால் பாடம் தெரிந்துவிட்டது போலத் தோன்றும். பார்த்ததை அடையாளம் காண்பது எளிது, பார்க்காமல் வரவழைப்பது கடினம். தேர்வு கேட்பது இரண்டாவதை.

இங்கே நம் ஊர்க் கதை ஒன்று ஒட்டிக்கொள்கிறது. ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு ப்ளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் நடத்தும் பழக்கம் பல தனியார் பள்ளிகளில் இருந்தது. 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த முறையில் மார்க் அள்ளிக்கொண்டு வந்தது எதனால்? உளவியல் கண்ணோடு பார்த்தால் விடை எளிது. ஒரே பாடம் இரண்டு வருஷத்தில் இடைவெளி விட்டுப் பலமுறை வந்தது. தினமும் டெஸ்ட், வாரம் ஒரு டெஸ்ட் என்று பிள்ளைகள் மூடிய புத்தகத்திலிருந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். இடைவெளியும் சோதனையும் நினைவுக்கு மிகச் சிறந்த உரம் என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது. மார்க்கை வாங்கித் தந்தது தினத் தேர்வு, பெயரைத் தட்டிக்கொண்டு போனது நாலரை மணி என்பது என் கணிப்பு.

அதே முறை நீட் வந்தபிறகு திணறியதற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. பாடத்தின் முடிவில் இருக்கும் புக் பேக் கேள்வியை அதே சொற்களில் பழகியவனுக்கு, அதே கருத்தை வேறு முகத்தோடு கேட்டால் பிடி கிடைப்பதில்லை.

4. உறக்கம்: இரவில் நடக்கும் பாதிப் படிப்பு

தூங்கும்போது மூளை அணைந்திருக்கிறது என்ற எண்ணம் 1953-லேயே உடைந்துவிட்டது. சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும், தூக்கத்தின் சில கட்டங்களில் மூடிய இமைக்குள் விழி வேகமாக அசைவதையும் அப்போது எழுப்பினால் ஆட்கள் கனவு சொல்வதையும் கண்டார்கள். அதுதான் ரெம் உறக்கம். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. இரவில் நாலைந்து சுற்று. முதல் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் அதிகம், விடியும் பக்கமுள்ள சுற்றுகளில் ரெம் அதிகம். நாலரை மணி பெல் வெட்டி எறிவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பங்கை.

உறக்கம் குறைந்தால் நினைவுக்கு என்ன போகிறது? 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் செய்த சோதனையில், பொருளற்ற அசைகளைப் படித்துவிட்டுத் தூங்கியவர்கள், படித்துவிட்டு அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களைவிட அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். 1994-இல் வில்சன், மெக்நாட்டன் இருவரும் எலிகளின் ஹிப்போகேம்பஸில் மின்முனை வைத்துப் பார்த்தபோது, விழித்திருந்தபோது சேர்ந்து துடித்த செல்கள் அடுத்து வந்த உறக்கத்திலும் சேர்ந்து துடித்தன. பகலின் அனுபவம் இரவில் மறுபடி ஓட்டிப் பார்க்கப்படுகிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் பகலெல்லாம் மூட்டை வந்து இறங்கும். தரம் பிரித்து குடோனுக்கு ஏற்றும் வேலை நடக்காவிட்டால் மறுநாள் வரத்துக்கு முற்றத்தில் இடமிருக்காது. ஹிப்போகேம்பஸிலிருந்து மூளையின் மேலடுக்குக்கு நடக்கும் அந்த ஏற்றுமதியில் பெரும்பங்கு ஆழ்ந்த உறக்கத்தில் நடக்கிறது.

எப்போது தூக்கம் வரும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் சேரும் அடினோசின் என்ற வேதிப்பொருள். அது தரும் அழுத்தம். காபியும் டீயும் அதை வெளியேற்றுவதில்லை, அது வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன, அவ்வளவே. காபீனில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பதுக்குக் குடித்த ஸ்ட்ராங் டீயில் பாதி, இரண்டு மணிக்கும் உடம்பில் இருக்கும். இன்னொன்று உடலின் நாட்கடிகாரம். அதன் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டறிந்ததற்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள்.

பதின்ம வயதில் இந்தக் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகிறது. ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னால் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தூக்கம் வராதது அடம் இல்லை. தேவையும் குறைவதில்லை: 13 முதல் 18 வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் என்பது அமெரிக்க உறக்க மருத்துவ அமைப்பின் பரிந்துரை. பதினொன்றேகாலுக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்தேகால் மணி நேரம். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரக் கடன்.

கடன் சேர்வது கடன்பட்டவருக்குத் தெரியாது என்பதுதான் இதில் விஷமான பகுதி. 2003-இல் வான் டோங்கன் குழு, பெரியவர்களை இரண்டு வாரம் தினம் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தது. கவனத் திறன் நாளுக்கு நாள் சரிந்து, இரண்டு இரவு வரை முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்குப் போனது. அவர்களோ சில நாளிலேயே பழகிவிட்டதாக நினைத்தார்கள். "எங்க பையனுக்கு அஞ்சு மணி நேரம் பழகிருச்சுங்க" என்று சொல்வதை இதோடு வைத்துப் படிக்க வேண்டும்.

5. சரி, சுற்றும் தகவல்களில் எது நிற்கும்?

1. அதிகாலைப் படிப்பு நல்லது. பாதி உண்மை. எட்டரை, ஒன்பதுக்குத் தூங்கி நாலரைக்கு எழுந்த தாத்தா காலத்துக்கு அது சரி. தூக்கமும் முடிந்திருக்கும், சத்தமும் இருக்காது. பதினொன்றுக்குப் படுத்தவனுக்கு அந்த நேரத்தில் மூளை இன்னும் இரவில்தான் இருக்கிறது.

2. எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் மூளை கெட்டுவிடும். மிகை. ஒரு ராத்திரி குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. மாதக்கணக்கில் குறைவதுதான் விஷயம்.

3. ஞாபகசக்தி மாத்திரை. நன்றாக இருக்கும் பிள்ளைக்குப் பரிட்சை நினைவைக் கூட்டித் தரும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை. அந்தக் காசுக்குக் கொசுவலை வாங்கிக் கொடுக்கலாம்.

6. பள்ளிக்கூடத்தைத் தாண்டி

இதே விதிகள் லாரிக்கும் பொருந்தும். நாமக்கல், சங்ககிரி லாரிகளும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளும் இந்தியா முழுக்க ஓடுகின்றன. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் இருவரும் காட்டினார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லிக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம்தான். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொன்றுக்கு ஸ்டியரிங்கில் இருந்தால், ஒரு சொட்டுக் குடிக்காமலே அந்த வரம்பைத் தாண்டியவர் போல ஓட்டுகிறார். ஊதிக் காட்டச் சொல்லும் கருவி இதைப் பிடிக்காது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று எழுதி வைத்தது. லோடு இறக்கும் நெருக்கடி அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை.

மில் ஷிப்டில் சிக்கல் வேறு மாதிரி. உடலின் கடிகாரம் நாளுக்கு ஒரு மணி நேரம் அளவில்தான் நகரும். வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறும் இடத்தில், உடம்பு நைட்டுக்குப் பழகும் நேரத்தில் பகல் ஷிப்ட் வந்துவிடும்.

7. அட்டவணையில் எதை மாற்றலாம்

முழுசாக எதையும் கலைக்க வேண்டியதில்லை. இரவு கடைசி ஒரு மணி நேர ஸ்டடியை எடுத்துவிட்டு, காலை பெல்லை ஐந்தரைக்குத் தள்ளினால் இரண்டு மணி நேரத் தூக்கம் திரும்பக் கிடைக்கும். போன நேரத்துக்கு ஈடாக, மிச்சமுள்ள ஸ்டடியில் பாதியை வாசிப்பிலிருந்து எழுதிப் பார்ப்பதற்கு மாற்றலாம். நேற்றுப் படித்ததை இன்று, போன வாரத்ததை இந்த வாரம், புத்தகத்தை மூடி.

நீட் எழுதும் பிள்ளைகள் உள்ள விடுதிகளுக்கு இன்னொன்று. அந்தத் தேர்வு பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்குகிறது. உடலின் கடிகாரப்படி அது மந்தமான நேரம். மதியம் சாப்பிடாவிட்டாலும் அந்தத் தொய்வு வரும், தூக்கக் கடன் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகமாக வரும். விடிகாலை நாலரைக்குக் கணக்குப் போட்டுப் பழகிய மூளையை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்கிறோம். மாதிரித் தேர்வை ஞாயிறு காலையில் வைக்காமல், முந்தின இரவு எட்டு மணி நேரம் தூங்கவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப்பின் இரண்டு முதல் ஐந்து வரை வைக்கலாம். பெற்றோர் பார்க்க வரும் நேரத்தை மட்டும் காலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.